அவள் சொல்லாத பதில்

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, சிங்கப்பூர் புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற ஒரு குடும்பச் சேவை நிலையத்தில் நடந்தது இது. உதவி கேட்டுப் போனது நான் இல்லை, துணைக்குத்தான் போனேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அன்று அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். தேக்கா பக்கம் ஒரு கிளினிக்கில் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் நான். பேர் கூப்பிடுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது எல்லாம் உண்டு என்றாலும் முக்கியமான வேலை வாய் வேலைதான். கட்டுமானத் தளத்திலிருந்தும் கப்பல் பட்டறையிலிருந்தும் வரும் நம் ஊர்க்காரர்கள் தமிழில் சொல்வதை டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். டாக்டர் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "அவருக்கு வயிறு வலிக்கிறதாம்" என்று சொல்வேன். டாக்டர் திருத்தினார். "அவர்" எல்லாம் வேண்டாம், அந்த ஆளாகவே பேசு, கூட்டாதே, குறைக்காதே என்றார். அன்றிலிருந்து எனக்கு எல்லாமே "நான்"தான். ஐம்பது வயதுப் பெண்பிள்ளை கொஞ்சமும் கூசாமல் "எனக்கு மூலம், உட்கார முடியவில்லை" என்று டாக்டரிடம் சொல்வதைக் கேட்டு, வலியோடு வந்தவரே சிரித்துவிடுவார். கிளினிக்கில் என்னை வாயாடி என்பார்கள். வாயாடிதான், இப்போ அதுக்கென்ன?

எங்கள் வீட்டுக்குச் சில மாடிகள் கீழே ஒரு பெண் இருந்தாள். தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவள். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவள், ஆங்கிலம் வராது. லிஃப்டில் பார்த்துப் பழகி "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டாள். அன்று காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவளும் லிஃப்டில் ஏறினாள். துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிச் சுற்றியிருந்தாள். இந்த ஊர் வெயிலுக்கு யார் அப்படிச் சுற்றுவார்கள்? விலக்கிப் பார்த்தேன். கழுத்தில் விரல் விரலாகத் தடம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளினிக்குக்கு ஃபோன் போட்டு லீவு சொன்னேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கையைப் பிடித்து நேராக அந்த நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

எங்களோடு பேச வந்த சமூக ஊழியர் ஓர் இளம் சீனப்பெண். தமிழ் தெரிந்தவர் அன்று விடுப்பில் இருந்தார். வேறொரு நாள் வர முடியுமா, மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்கிறேன் என்றார். கீழ்வீட்டுப் பெண் என் கையை விடவே இல்லை.

"இன்னொரு தடவ வர முடியாதுக்கா. எங்க போனன்னு வீட்ல அவரு கேள்வி மேல கேள்வி கேப்பாரு. நீங்களே சொல்லுங்கக்கா."

அந்த ஊழியர் தயங்கினார். தெரிந்தவர்களை வைத்து மொழிபெயர்ப்பது அவ்வளவு நல்லதில்லை என்றார். கவலையே படாதீர்கள், என் வேலையே இதுதான் என்று நான்தான் அடித்துச் சொன்னேன். அப்படி என்ன பெருமையோ எனக்கு.

முதலில் கணவனின் அடி உதையைப் பற்றிக் கேட்டார். அவள் திக்கித் திக்கிச் சொன்னாள். நான் கிளினிக்கில் பேசுகிற மாதிரியே பேசினேன். என் கழுத்தைப் பிடித்தார், என்னைச் சுவரில் சாய்த்து அழுத்தினார், எனக்கு மூச்சு முட்டியது. இப்படி ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

அதன்பிறகு அந்த ஊழியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். அடிப்பது மட்டும் கொடுமை இல்லை, அதற்கு இன்னும் பல முகங்கள் உண்டு, ஒவ்வொன்றாகக் கேட்கிறேன், தெரிந்ததைச் சொன்னால் போதும் என்றார். உன் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.

"அவருகிட்டதான் இருக்கு. அதுல என்னக்கா தப்பு? எல்லா வீட்லயும் ஆம்பளதான வச்சிருப்பாங்க?"

நீ கேட்டால் கொடுப்பாரா என்று அடுத்த கேள்வி வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேட்டுப் பார்த்ததே இல்லை என்றாள். ஃபோனைத் தினமும் வாங்கிப் பார்ப்பாராம். அம்மாவோடு பேசினால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டுமாம். விருந்தாளிகள் முன்னால் "இதுக்கு ஒண்ணும் தெரியாது, பட்டிக்காடு" என்று சொல்லிச் சிரிப்பாராம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் அழவில்லை. அடியைச் சொன்னபோது அழுதவள், இதைச் சந்தைக்குப் போய் வந்த கதை மாதிரி சொன்னாள். இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுதான் அவள் நினைப்பு. விருப்பமில்லை என்று நீ சொன்ன பிறகும் படுக்கையில் கட்டாயப்படுத்துவாரா என்று கேட்டபோது மட்டும் தரையைப் பார்த்தாள். பதில் வரவில்லை. பதில் வரவில்லை என்பதையும் நான் அப்படியே சொன்னேன்.

அடுத்ததாக அந்த ஊழியர் ஒன்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"கோவம் வந்தா உன்கிட்ட பேசாமயே இருப்பாரா? தண்டன குடுக்குற மாதிரி? அப்படின்னா எத்தன நாளு இருப்பாரு? அது எப்படி முடியும்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்படியெல்லாம் இல்லக்கா. அடிச்சிட்டு கொஞ்ச நேரத்துல சோறு போடுன்னு வந்து நிப்பாரு."

நான் அந்த ஊழியர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன். ஆமாம் என்றேன். மாதக்கணக்கில் பேச மாட்டார் என்றேன். நான் ஹாலுக்கு வந்தால் எழுந்து அறைக்குள் போய்விடுவார். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி இருப்பார். நான் என்ன தப்பு செய்தேன் என்று சொல்ல மாட்டார், நானே கண்டுபிடிக்க வேண்டும். முடியாமல் போய் கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்பேன். எதற்கு என்று தெரியாமலேயே கேட்கிறாயா என்று அதற்கும் கோபம் வரும். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். என் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அவ்வளவு சரளமாக ஆங்கிலம் நான் என் வாழ்நாளில் பேசியதில்லை.

எழுதிக்கொண்டே வந்த ஊழியர் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். தமிழ் தெரியாவிட்டால் என்ன, சின்னப் பதிலுக்கும் பெரிய பதிலுக்கும் வித்தியாசம் தெரியாதா? பக்கத்திலிருந்து இவளும் என் கையைத் தொட்டாள்.

"அக்கா, நா அவ்ளோ சொல்லலியேக்கா?"

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஏர்கானில் உட்கார்ந்துகொண்டு வியர்க்கிறது. அந்த ஊழியர் குரலைத் தணித்து, இப்போது சொன்னது அவள் பதிலா என்று மட்டும் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. சாரி சாரி, குழம்பிவிட்டேன், நேற்று கிளினிக்குக்கு வந்த யாரோ சொன்னது நினைவில் வந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் என்னைத்தான் திட்டுவார்கள். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. ஒரு கெட்ட வார்த்தை வாயில் வராது. வருஷா வருஷம் காவடி எடுப்பார். அக்கம்பக்கத்தில் யாராவது இறந்துவிட்டால் புளோக்கின் கீழ்த்தளத்தில் நாற்காலி போட முதல் ஆளாகப் போய் நிற்பார். எல்லோருக்கும் அவர் "சாமி". மகளோடு விளையாட்டும் கிண்டலுமாகப் பேசுவார். என்னோடு மட்டும்தான் பேசுவதில்லை. ஒருமுறை ஆனி மாதக் கல்யாண விருந்து ஒன்றில் அவருடைய உறவுக்காரர் சொன்ன ஜோக்குக்கு நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அன்றைக்கு வாயை மூடியவர் தீபாவளி கழிந்த பிறகுதான் திறந்தார். காரணம் அந்தச் சிரிப்புதான் என்பதுகூட நானாக ஊகித்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் கவனிக்காமல் இருப்பார்களா? என்ன, அண்ணன் பேச மாட்டேங்குறார் என்று கேட்டால் விரதம் என்று சொல்லிவிடுவேன். மௌன விரதம். நம் காலண்டரில் விரதத்துக்கா பஞ்சம்? புரட்டாசி இல்லாவிட்டால் சஷ்டி, சஷ்டி இல்லாவிட்டால் கார்த்திகை, அதுவும் இல்லாவிட்டால் இருக்கவே இருக்கிறது தைப்பூசம். "சாமிக்கு என்ன பக்தி" என்று வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அது விரதமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நானும் அவரும் ஒரே சோபாவில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக உட்கார்ந்திருப்போம். "அம்மா, நீலச் சட்ட எங்கன்னு அப்பா கேக்குறாரு" என்று அவள் நடுவில் நின்று சேதி சொல்வாள். அவளுக்கு அது விளையாட்டு.

எனக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் ஆனபோது தினமும் மருத்துவமனைக்கு வந்தார். டாக்டரிடம் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டார். தாதிக்கு நன்றி சொன்னார். பழம் வாங்கி வைத்தார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. எவ்வளவு நல்ல கணவர் என்று அந்தத் தாதி என்னிடம் சொன்னாள். ஆமாம் என்றேன். எங்கள் வீட்டில் சண்டையே கிடையாது என்று நானே பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அடப்பாவி மனுஷி, சண்டை போடவாவது ஒருவர் இன்னொருவரோடு பேச வேண்டாமா?

அன்று அந்த நிலையத்தில் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் விளக்கினார்கள். நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம், தங்குவதற்கு இடம் தருகிறோம், போலீஸோடு போய் பாஸ்போர்ட்டை வாங்கலாம் என்றார்கள். அந்த ஊழியர் ஃபோன் பேச எழுந்து வெளியே போனதும் அவள் என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க அப்ப நீளமா சொன்னது உங்க வீட்டு விஷயமாக்கா?"

நான் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன்.

"என்ன நீங்க கூட்டிட்டு வந்தீங்க. உங்கள யாருக்கா கூட்டிட்டு வருவா?"

சும்மா இரு புள்ள என்று அதட்டினேன். கிளம்பும்போது அந்த ஊழியர் வாசல் வரை வந்தார். அவளுக்காக இல்லை, உங்களுக்காக ஒரு நாள் வாருங்கள் என்றார். "ஐ ஆம் ஓகே லா" என்று கையை ஆட்டிவிட்டு வந்தேன். அவள் அன்றே பாதுகாப்பு இல்லத்துக்குப் போனாள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஊருக்குப் போய்விட்டாள். நான் மாடி ஏறி என் வீட்டுக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே வந்ததும் எழுந்து அறைக்குப் போனார். எத்தனையோ முறை பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் அதற்கும் கொடுமை என்று ஒரு பேர் இருக்கிறது என்று தெரிந்து பார்த்தேன். பேர் தெரிந்ததால் வலி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்தத் தைப்பூசத்திலும் அவர் சிராங்கூன் ரோடு கோயிலிலிருந்து காவடி எடுத்தார். நாக்கில் அலகு குத்தியிருந்தார். அந்த ஒரு நாள்தான் அவர் யாரோடும் பேசவில்லை, நானும் மற்றவர்களும் சமம். டோபி காட் பக்கம் ஊர்வலம் கொஞ்சம் நின்றபோது அவருக்கு முகமெல்லாம் வியர்வை வழிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நண்பரிடம் காட்டினார். நண்பர் துடைத்துவிட்டார். "குடுத்து வச்சவங்கக்கா நீங்க, சாமியே வீட்ல இருக்காரு" என்று பக்கத்தில் பால்குடத்தோடு நின்ற ஒரு பெண் சொன்னாள். ஊர்வலம் முடிகிற டேங்க் ரோடு கோயில் வரை அந்தத் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டே நடந்தேன். முருகா, இந்த மனுஷன் உனக்காக நடக்கிறாரா, எனக்கு எதிராக நடக்கிறாரா என்று அன்று வாய்விட்டே கேட்டேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன். என் பாடு, நான் பட்டுவிட்டுப் போகிறேன். ஆனால் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தோம். அவளே பார்த்த பையன். நல்ல வேலை, அமைதியானவன். நிச்சயத்துக்குப் புடவை எடுக்க நானும் அவளும் தேக்காவுக்குப் போனோம். கடைக்காரர் விரித்துப் போடப் போட, இவள் புடவையைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்றேன்.

"அவர் ரிப்ளை பண்ணல. இட்ஸ் ஓகே மா. கோவமா இருந்தா அப்படித்தான்."

"எத்தன நாளா?"

"ஒன் வீக் இருக்கும். டோன்ட் வொரி மா. கத்த மாட்டார், அடிக்க மாட்டார். சைலன்ட் ஆயிடுவார், அவ்வளவுதான். நம்ம அப்பா மாதிரி."

கடைக்காரர் கையில் பச்சைப் புடவையை வைத்துக்கொண்டு நிற்கிறார். அது எப்படி முடியும் என்று கேட்டேன். நிலையத்தில் கேட்ட அதே கேள்விதான் என் வாயில் வந்தது.

"நா சாரி சொல்லிடுவேன்."

"எதுக்கு சாரி?"

"தெரியாதுலா. எதுக்குன்னு கேட்டா இன்னும் கோவம் வரும். எதுக்கோ ஒண்ணு, சொல்லிட வேண்டியதுதான்."

புடவை வேண்டாம் என்று சொல்லி அவளைப் பக்கத்துக் கோப்பிக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். விரதம் என்று நான் சொன்னதெல்லாம் பொய் என்றேன். ஆபரேஷன் ஆனபோது நடந்ததைச் சொன்னேன். நீ சேதி சொல்லிக்கொண்டு நின்றது விளையாட்டு இல்லை, அதுவும் ஒரு கொடுமைதான், அதிலும் பல வகை இருக்கிறது, படித்தவர்கள் சொல்ல என் காதால் கேட்டேன், இந்தப் பையன் வேண்டாம், கொஞ்சம் யோசி என்று கெஞ்சினேன். கிளினிக்கில் ஊர்க்கதையெல்லாம் கச்சிதமாகச் சொல்கிறவள், என் கதையை முன்னுக்குப் பின்னாக உளறினேன். அவள் கடைசி வரை கேட்டாள். வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது.

"அப்பா உங்கள ஒரு நாள் கூட அடிச்சதில்ல. கை ஓங்கினதுகூட இல்ல. எந்த வீட்ல இப்படி ஒரு அப்பா இருக்கார்? ஏம்மா இவ்ளோ டிராமா பண்றீங்க? என் கல்யாணத்த ஸ்பாயில் பண்ணத்தானா?"

எழுந்து போய்விட்டாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் அத்தனையும் சொல்லிவிட்டாள். அவர் பல வாரங்களுக்குப் பிறகு என்னிடம் வாய் திறந்தார். "புள்ள மனசுலயும் விஷத்த ஊத்திட்டியா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இன்று வரை பேசவில்லை. மகளும் பேசவில்லை. நான் சமைத்து வைப்பதை இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஆபீஸ் கதை பேசிச் சிரிக்கிறார்கள். நான் சமையலறையிலிருந்து வெளியே வந்தால் இரண்டு பேரும் நிறுத்திக்கொள்கிறார்கள். அவளிடமும் நான் மன்னிப்புக் கேட்டேன். அவளும் எதற்கு என்று சொல்லவில்லை.

அந்த நிலையத்துக்கு ஒரு நாள் தனியாகப் போனேன். அதே ஊழியர்தான் இருந்தார். இந்த முறை தமிழ் தெரிந்தவரையும் கூட உட்கார வைத்தார். நான் சொன்னதையெல்லாம் ஒரு வார்த்தை சந்தேகப்படாமல் கேட்டார்கள், நம்பினார்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். என் பிள்ளை நம்ப வேண்டும் என்றேன். அதற்கு அவர்களிடம் வழி இல்லை. யாரிடம்தான் இருக்கிறது? மகளுக்கு நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது. வருகிற தையில் கல்யாணம். அவள் ஃபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன்.

கீழ்வீட்டுப் பெண்ணின் கழுத்தில் இருந்த தடத்தைப் பார்த்த அந்த நிமிஷமே நான் நம்பினேன், அதனால்தான் அவள் தப்பித்தாள். என் மகளிடம் காட்ட என் உடம்பிலும் அப்படி ஒரு தடமாவது இருந்திருக்கக் கூடாதா, ஒரு தரமாவது அவர் என்னை அடித்திருக்கக் கூடாதா என்று நானே ஏங்குகிறேன், ஒரு பெண்ணை இப்படி ஏங்க வைப்பதைவிடப் பெரிய அடி எது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.